தம்பிக்குத் தூக்கம் போனதிலிருந்து

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் தென்கடல் ஓரத்து ஊர் எங்களுடையது. தம்பி மண்டபத்தில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவன், அப்போது வயது 27. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் படகெல்லாம் கரையில்தான். அந்த வருடம் தடைக்காலத்தில், மே இரண்டாம் வாரத்தில் அவனுக்குத் தூக்கம் போனது. அதை நோய் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்திலும் அதற்குப் பின்னாலும் ஒரு லட்சத்துக்கு மேல் பணம் போனது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

தூக்கம் போனது என்றால், புரண்டு புரண்டு படுத்துத் தவிப்பது வேறு. தம்பிக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரம் கண் அசந்துவிட்டு, விடியுமுன் எழுந்து கிழிந்த வலையை எடுத்துப் பின்ன ஆரம்பிப்பான். பாதியில் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவான். பகலில் சோர்வே கிடையாது. பேச்சு நிற்காது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். சொந்தமாக இரண்டு வள்ளம் இறக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கி ஒரு எஞ்சினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றான். "பிள்ளைக்குப் பொறுப்பு வந்திருச்சு" என்று அம்மா சந்தோஷப்பட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் கோபமும் ஒன்றாகக் கூடினால் மூன்று நாலு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள். மருத்துவர்கள் இதை மேனியா என்கிறார்கள், மனநிலை ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறி, இன்னொரு சமயம் இறங்குகிற இருமுனைய நோயின் எழுச்சி நிலை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசுச் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த எண் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் மந்திரிப்பு, தாயத்து என்று 9,000 ரூபாய் போனது. பிறகு ஏர்வாடி தர்காவுக்குப் போனோம். இந்தக் கரையில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் மனசு கலங்கினால் போய் உட்காருகிற இடம் அது. அங்கே அம்மாவுக்குக் கிடைத்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை அறை எடுத்து 21 நாள் இருந்தோம், அந்த 21 நாளும் அவனுக்கு ஒரு மாத்திரை போகவில்லை. தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் பார்த்து மருந்து கொடுக்கிற ஏற்பாடு 'தவா-துவா' என்ற பெயரில் உண்டு. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். 16-வது நாள் பக்கத்து அறைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் தம்பி யார் சொல்லையும் கேட்கிற நிலையைத் தாண்டிவிட்டான். ஏர்வாடிக்குப் போவதாக இருந்தால் போய் இறங்கிய அன்றைக்கே அந்த மருத்துவர்கள் இருக்கும் இடத்தை விசாரியுங்கள். நேர்ச்சையை விட வேண்டியதில்லை, மாத்திரையைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை.

அங்கே ஒருவர் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் காப்பகத்தில் சேர்த்தோம். முன்பணம் 15,000, முதல் மாதம் 8,000. மறுநாள் நான் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது அவன் கணுக்காலைக் கட்டிலோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். இந்த மாவட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அது மறக்கிற செய்தி இல்லை. அந்தக் கயிற்றை நானே அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். 23,000 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் மனநலக் காப்பகம் நடத்தவும் கூடாது. ஆகவே பணம் கொடுக்குமுன் நாலு விஷயம் கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். தங்கியிருப்பவர்கள் படுக்கிற இடத்தையும் கழிப்பறையையும் உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டார் எந்த நேரத்திலும் வரலாமா என்று கேளுங்கள். "முதல் ஒரு மாசம் யாரும் வரக் கூடாது" என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த இரவு தம்பி கதவை உடைத்துக்கொண்டு கடலைப் பார்க்க ஓடினான். நாலு பேர் பிடித்து, பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். தூங்கினான். விடியற்காலை இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தான். கழுத்து இடது பக்கம் திருகி, தாடை தோளைத் தொட்டு நின்றது. கண்விழி மேலே சொருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. நாக்கு தடித்தது போலப் பேச்சு குழறியது. வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள், உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்று. அம்மா திருநீற்றோடு நின்றது. ஆனால் அவனுக்கு நினைவு முழுசாக இருந்தது, "அக்கா, கழுத்து வலிக்குது" என்று என் கையைப் பிடித்தான். 108-ல் ராமநாதபுரம் கொண்டுபோனோம். பணி மருத்துவர் பார்த்ததும் "என்ன ஊசி போட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எங்களிடம் சீட்டு இல்லை. பிறகு புரோமெத்தசின் ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் கழுத்து தானாகத் திரும்பியது. கொந்தளிப்பை அடக்கப் போடுகிற ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகளுக்குச் சிலருக்கு, அதிலும் இளம் ஆண்களுக்கு, சில மணி நேரத்திலோ முதல் சில நாளிலோ தசை இப்படிப் பிடித்துக்கொள்ளும். பார்க்கப் பயங்கரம், தீர்வு ஒரு ஊசி. முன்கூட்டியே புரோமெத்தசினைச் சேர்த்துப் போட்டிருந்தால் அனேகமாக வந்திருக்காது. இந்தக் கரையில் எத்தனை பேருடைய மருந்து இந்தக் கழுத்துத் திருகலோடு நின்றுபோயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. எந்த ஊசி போட்டாலும் பேரையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். மருந்து ஆரம்பித்த பின் உடம்பு விறைத்துக் கடுமையான காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து வந்தால் அது வேறு, உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர், வேன் வாடகை 5,500. கொந்தளிப்பில் இருப்பவரை வண்டியில் கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின் இருக்கையில் நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் அவர் நம்புகிற இரண்டு பேர் உட்கார வேண்டும். டிரைவருக்கு நேர் பின்னால் உட்காரவைக்கக் கூடாது. பொய் சொல்லி ஏற்றாதீர்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஏற்றிப் போய் ஆஸ்பத்திரியில் இறக்கினால் அடுத்த முறை வண்டியில் ஏறவே மாட்டார். "உனக்குத் தூக்கம் வரலை, தூங்க மருந்து வாங்கப் போறோம்" என்று சொன்னேன், அது உண்மையும்கூட. கண்டதைக் கேட்டுத் தூக்க மாத்திரையைக் காபியில் கலந்து கொடுக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும், என்ன கொடுத்தோம் என்று மருத்துவருக்கும் தெரியாது. குடிப்பழக்கம் உள்ளவர் குடியை நிறுத்திய இரண்டு முதல் நாலு நாளுக்குள் கை நடுங்கி, இல்லாததைப் பார்த்துப் பிதற்றினால் அது மதுவை நிறுத்தியதால் வருகிற ஆபத்தான நிலை. அதை முதலிலேயே சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சையே வேறு.

சேர்க்கும்போது அவன் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றான். அதற்காகத் திருப்பி அனுப்பவில்லை. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, நியமனப் பிரதிநிதி, அதாவது தனக்காக முடிவெடுக்க அவரே முன்பு எழுதி வைத்த ஆள், எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம். அவர் யாரையும் எழுதி வைக்காவிட்டால் உறவினர் அந்த இடத்தில் நிற்கலாம். அவசரம் என்றால் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரத்துக்கு முதல் சிகிச்சை கொடுக்கலாம். நீதிமன்றம், போலீஸ் என்று ஊரில் பயமுறுத்துவார்கள், இதற்கு அது எதுவும் தேவைப்படவில்லை. கையில் கொண்டுபோக வேண்டியது ஆதார், ரேஷன் கார்டு நகல், அதுவரை சாப்பிட்ட மருந்தின் அட்டை, கூடவே இருக்க ஒரு ஆள். சர்க்கரை, உப்புச் சத்து, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள், காசு வாங்கவில்லை. முந்தின வாரம் யாரோ சொன்னார்கள் என்று வெளியே நாங்களாக எடுத்த தலை ஸ்கேனுக்கு 7,500 ரூபாய் கொடுத்திருந்தோம், அது எதற்கும் தேவைப்படவில்லை. காய்ச்சல், தலையில் அடி, வலிப்பு, நினைவு தப்புதல் இருந்தால்தான் ஸ்கேன் முக்கியமாகிறது. அதையும் மருத்துவர் சொன்ன பிறகு எடுங்கள்.

24 நாளில் தம்பி எங்கள் தம்பியாகத் திரும்பினான். இரவில் ஓலன்சபின், அதோடு லித்தியம் 300 மில்லிகிராம் காலையில் ஒன்று, இரவில் இரண்டு. இங்கேதான் நாங்கள் இரண்டாவது தடவை அடி வாங்கினோம், கரைப் பக்கத்துக் குடும்பங்கள் கவனமாகப் படிக்க வேண்டியதும் இதைத்தான். லித்தியம் ஒரு உப்பு. உடம்பில் சோடியமும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. ஏசி அறையில் வேலை பார்ப்பவருக்குச் சரியாக இருக்கிற அதே அளவு, வெயிலில் பகல் முழுக்க வலை இழுத்து வியர்க்கிறவனுக்கு ஏறிவிடும்.

ஜூலையில் கடலுக்குப் போக ஆரம்பித்தான். ஆகஸ்டில் கச்சான் காற்று, படகு ஆட்டம், முதுகுவலி. மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கி ஐந்து நாள் போட்டான். கடையில் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. ஆறாவது நாள் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவன், ஊசியைக் கண்ணிக்குள் விட முடியாமல் மூன்று நாலு தடவை முயன்றான். கை அப்படி நடுங்கியது. லித்தியத்துக்கு லேசான நடுக்கம் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதுதான் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் வாந்தி, பேதி. இரவு நடக்கும்போது குடித்தவன் மாதிரித் தள்ளாடினான், பேச்சு இழுத்தது. குடித்திருக்கிறான் என்று அவனைத் திட்டினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் தனியார் மருத்துவமனையில் பார்த்தபோது அளவு 1.9. நாலு நாள் சலைன், தினமும் ரத்தப் பரிசோதனை, 18,000 ரூபாய். சிறுநீரகம் தப்பியது.

அதனால் லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரைகளிலும் எனலாப்ரில், லோசார்டன், சிறுநீர் பிரிக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு லித்தியத்தை ஏற்றும், ஆகவே புது மாத்திரை எதையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. திடீரென்று உப்பைக் குறைக்கக் கூடாது, கூட்டவும் கூடாது, என்றும் போல ஒரே அளவு. கடலுக்குப் போகும்போது தம்பிக்கு இப்போது மூன்று லிட்டர் தண்ணீர்க் கேனும், உப்புப் போட்ட நீராகாரம் ஒரு தூக்கும் தனியாகப் போகிறது. வாந்தி பேதி வந்தாலோ தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ரத்தம் கொடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ரத்தம், அதன் பிறகுதான் காலை மாத்திரை. மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடுவார், நோய் திரும்பும். அளவை மாற்றிய ஒரு வாரத்தில் ஒரு முறை, முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் தைராய்டும். ஓலன்சபினுக்குப் பசி கூடும். நாலு மாதத்தில் அவனுக்கு ஏழு கிலோ ஏறியது. மாதம் ஒரு முறை எடையும், குறிப்பிட்ட இடைவெளியில் சர்க்கரையும் பாருங்கள்.

மருந்து கிடைப்பது இப்போது பெரிய பாடில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருகிறது. உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொண்டால் மதுரைக்குப் போகிற செலவு இல்லை. மாத்திரை தீர்வதற்கு ஏழு நாள் முன்பே போய்விடுவோம், புயல் சின்னம், பஸ் மறியல், படகு திரும்பத் தாமதம் எதுவானாலும் அந்த ஏழு நாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருக்கலாம், அவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதற்காக ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நோயின் பேர், சேர்த்த தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து. அடுத்த பக்கங்களில் தேதி, தூங்கிய மணி, மருந்து, லித்தியம் அளவு. "எப்படி இருக்கார்?" என்று கேட்டால் "நல்லாருக்கான்" என்று சொல்வதற்குப் பதில் அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். போன மார்ச்சில் தூக்கம் ஏழு மணியிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நாலு என்று மூன்றே நாளில் இறங்கியது அந்த நோட்டில்தான் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள், சேர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

தொழிலையும் மாற்ற வேண்டியிருந்தது. ராத்திரித் தூக்கம் கெட்டால் மேனியா திரும்பும், அதனால் விசைப்படகின் ராத்திரித் தொழிலை விட்டு, விடியக் காலம் போய் மதியம் திரும்புகிற வள்ளத்துக்குப் போகிறான். கூலி குறைவு. இரவு மாத்திரையை எட்டு மணிக்கே போட்டால் காலையில் மந்தம் இருக்காது. மந்தத்தோடு வள்ளத்தின் அணியத்தில் நிற்கக் கூடாது. வள்ளக்காரரிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டோம். மறைத்தால் அவன் மாத்திரையையும் ஒளித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். நல்லாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இந்த நோய் திரும்ப வருவதற்கு முதல் காரணம். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து இன்னும் கூடுதல்.

எஞ்சினுக்குக் கொடுத்த 60,000-த்துக்கு வருகிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒருவர் சித்தம் தெளிவில்லாத நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லாது. மருத்துவமனையில் சேர்ந்த தேதியும் நோய் எப்போது தொடங்கியது என்கிற குறிப்பும் உள்ள சான்று நமக்கு ஆதாரம். சிகிச்சைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் செலவில்லாமல் மனுக் கொடுத்தோம், இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் பேசியதில் 35,000 திரும்பியது. வட்டி எங்கள் தலையில்தான். மாற்றுத்திறனாளி சான்றுக்கும் மனநோய் உண்டு. தன்னைக் கவனிப்பது, பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நாலையும், எத்தனை வருட நோய் என்பதையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள், 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போட்டவர்கள் அங்கே போய் நின்று தவிக்கிறார்கள்.

நியமனப் பிரதிநிதியை நல்லாயிருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், பிரதிநிதியாக இருக்க அவர் சம்மதிக்க வேண்டும். தம்பி அவன் கையாலேயே எழுதினான். என் பேரை எழுதிவிட்டு, அதன் கீழே ஹாலோபெரிடால் ஊசி தனியாகப் போட்டால் கழுத்து திருகும் என்பதையும், முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தான். அந்தத் தாளின் ஒரு நகல் நோட்டின் கடைசிப் பக்கத்திலும், இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் வள்ளக்காரர் வீட்டிலும் இருக்கிறது.